சாரல் ஊரில் ஒரு காய்ந்த கடை

போன செவ்வாய்க்கிழமை ஒரு கதவு என்னை அடித்தது.

காற்றில் சாத்தி முகத்தில் மோதியது என்று நினைத்துவிடாதீர்கள். கைப்பிடியைத் தொட்டேன்... சுரீர் என்றது. விரல் நுனியில் கட்டெறும்பு கடித்த மாதிரி ஒரு வலி. கூடவே ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

ஊர் தென்காசி. மாதம் ஆனி. குற்றாலத்தில் சாரல் பிடித்து இரண்டு வாரமாகிறது. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் தொங்குகிறது, காய்கிற உத்தேசமே அதற்கு இல்லை. தீக்குச்சி பற்ற மாட்டேன் என்கிறது. டப்பாவுக்குள் இருக்கும் அப்பளம் அங்கேயே துவண்டு கிடக்கிறது. இந்த ஈரத்தில் ஒரு கதவு எனக்கு ஷாக் அடிக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

எங்கோ கரண்ட் லீக் ஆகிறது என்று அர்த்தம். அப்படித்தான் நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, வாய் விட்டுக் கத்தவும் செய்தேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா?

அது காளீஸ்வரியின் மொபைல் சர்வீஸ் கடைக் கதவு. நான் அங்கே ஏன் போனேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், வெளியூர்க்காரர்கள் செய்கிற தப்பைச் செய்தேன். சென்னையிலிருந்து வந்த நாத்தனாரை ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். அங்கே கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பை விற்கிறார்களே... போனை உள்ளே போட்டு மூடிவிட்டால் அருவிக்கடியில் நின்று செல்ஃபி எடுக்கலாம் என்று... அதை நம்பினேன். பைக்குள் தண்ணீர் போக வழி இருந்தது, வெளியே வரத்தான் வழி இல்லை. வீட்டுக்கு வந்து, எல்லோரும் சொல்கிற மாதிரி அரிசி டப்பாவுக்குள் போனைப் புதைத்து வைத்தேன். மறுநாள் எடுத்தால் போன் அப்படியே செத்துக் கிடக்கிறது. சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் கூடுதலாக ஒரு அரிசி.

காளீஸ்வரி சுரண்டைக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் கேரளா ரோட்டில். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் ஏழு வருஷம் போன் ரிப்பேர் பார்த்தாள். போர்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, கடுகை விடச் சின்ன உறுப்பை மாற்றிப் பொருத்துகிற வேலை. சீசன் வந்துவிட்டால் அருவியில் குளித்த போன்கள் வரிசையாக வரும். அவள் கைக்குப் போனால் பிழைத்துவிடும் என்று ஊரில் ஒரு பேர் உண்டு.

அந்தப் பேரை நம்பித்தான் வைகாசியில் புதுக்கடைக்கு மாறினாள். கண்ணாடிக் கதவு, ஏ.சி., தரையில் வழவழவென்று பிளாஸ்டிக் விரிப்பு, ரெக்சின் போட்ட சுழல் நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மெஷின். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி ஒரு தொட்டியில் தண்ணீராகக் கொட்டும். நனைந்த போன்கள் சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தது. அரிசி டப்பாவுக்கெல்லாம் இனி வேலையில்லை அக்கா என்று அப்போது பெருமையாகச் சொன்னாள்.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை நான் போனை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை.

“நான் இனிமே போர்டைத் தொடுததா இல்லக்கா.”

விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. கண் சிவந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. புதுக்கடைக்கு வந்த பிறகு நான்கு போன்கள் அவள் கையில் செத்திருக்கின்றன. ஸ்பீக்கர் சரியில்லை என்று வந்த போன், திறந்து மூடினால் மொத்தமாகப் போய்விடுகிறது. ஏழு வருஷத்தில் நடக்காதது ஒரு மாதத்தில் நான்கு தடவை. கணவரின் அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ராசி போய்விட்டது. கடைக்கு ராசியில்லை என்று முதலில் சொன்னாராம். பிறகு, போனைத் தொடுவது கடை இல்லையே, அவள் கைதானே என்று யோசித்து, அவள் கைக்கே ராசியில்லை என்று மாற்றிக்கொண்டாராம். ஆடி முடிந்ததும் கடையைக் காலி செய்வது, திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் இவளை கவுன்டரில் நிற்க வைப்பது என்று முடிவாகிவிட்டது.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். சரியென்று சொல்லிவிட்டாளாம். அவளே தன் கையைப் பார்த்துப் பயப்படுகிறாள், அப்புறம் எதை வைத்து எதிர்த்துப் பேசுவாள்?

எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் நான் அடுத்தவரைத்தான் திட்டுவேன். வெளியே போகலாம் என்று நடந்து போய்க் கைப்பிடியைத் தொட்டபோதுதான் அந்த ஷாக். அதைச் சொல்லி, பக்கத்துக் கடையில் வேலையாக இருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பிடி பிடியென்று பிடித்தேன். அவர் நிதானமாக டெஸ்டரை எடுத்து, கைப்பிடியில் வைத்தார். லைட் எரியவில்லை. கீல், சட்டம், தாழ்ப்பாள்... எதிலும் இல்லை.

“கதவுல ஒண்ணும் இல்லக்கா. நீங்க ஒரு சத்து டானிக் வாங்கிக் குடிங்க” என்றார்.

அந்த நேரத்தில்தான் இசக்கிமுத்து வந்தார். வாசுதேவநல்லூர் பக்கம். ராணுவத்தில் இருக்கிறார், லீவில் வந்தவர், ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். செத்த நான்கு போன்களில் கடைசிப் போன் அவருடையது. அம்மாவையும் கூடவே அழைத்து வந்திருந்தார். அந்த அம்மா கையிலும் ஒரு போன், மகனோடு அருவிக்குப் போய் நனைத்துக்கொண்டு வந்தது. மகன் இரண்டு நாள் கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது நடையிலேயே தெரிந்தது. உள்ளே வந்தவர் காளீஸ்வரியிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். நியாயமான கேள்விகள்தான். அவள் தலையைக் குனிந்து நின்றாள். இப்படியும் அப்படியும் நடந்தபடியே கேட்டுவிட்டு, அம்மாவின் போனை இங்கே கொடுக்கப்போவதில்லை என்று திரும்பி, கதவைத் திறக்கக் கையை வைத்தார்.

டிக்.

கையை உதறிக்கொண்டு நின்றார். அடுத்து என்னைப் போலக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கைப்பிடியை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இந்த அடி எனக்கு நல்லாத் தெரியும். லடாக்ல இருந்தப்ப தெனமும் வாங்குனது. ஸ்வெட்டரைக் கழத்துனா நீலமாப் பொறி பறக்கும். ஒயர்லெஸ் செட்டைத் தொடுததுக்கு முன்னாடி எர்த் கம்பியைத் தொட்டுட்டு வாலேன்னு ஹவில்தார் சத்தம் போடுவாரு. தொடாமப் போனா செட்டு காலி.”

காளீஸ்வரி மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

“ஆனா அங்கன காத்து காஞ்சு கெடக்கும்” என்று அவரே தொடர்ந்தார். “குத்தாலச் சாரல்ல அது எப்படி வரும்?”

நல்ல கேள்வி. நான் முப்பது வருஷத்துக்கு முன்னால் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படித்தவள். எப்படிப் பாஸ் செய்தேன் என்று கேட்காதீர்கள். ஆனாலும் அந்த நிமிடம் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. கரண்ட் கம்பியில் ஓடுகிற மின்சாரம் வேறு. இரண்டு பொருள் உரசி, ஒன்றின் மேல் தங்கிப்போகிற நிலைமின்சாரம் வேறு. டெஸ்டர் ஏன் எரியவில்லை? சார்ஜ் இருந்தது கதவில் இல்லை, கதவைத் தொட்ட எங்கள் மேல். அண்ணாச்சி கதவைச் சோதித்தார். என்னைச் சோதித்திருக்க வேண்டும்.

நாளைக்கு வாருங்கள், இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி கொண்டுவருகிறேன் என்று அறிவித்துவிட்டு வந்தேன். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எலெக்ட்ரோஸ்கோப் என்று பேர். ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்தேன். பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டு ஒரு செம்புக் கம்பியைச் செருகினேன். பரோட்டா பார்சலைச் சுற்றி வருகிற அலுமினியத் தாள் இருக்கிறதல்லவா, அதில் இரண்டு மெல்லிய கீற்று வெட்டி, உள்ளே கம்பி முனையில் தொங்கவிட்டேன். வெளியே கம்பித் தலையில் அதே தாளை உருட்டி ஒரு கோலிக்குண்டு அளவு வைத்தேன். அவ்வளவுதான். மின்னூட்டம் உள்ள எதையாவது அந்தக் குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், உள்ளே இரண்டு கீற்றுக்கும் ஒரே வகைச் சார்ஜ் போய்ச் சேரும். ஒரே வகை என்றால் ஒன்றை ஒன்று தள்ளும். இரண்டும் விரிந்து நிற்கும். மாமியார் மருமகள் இருவருக்கும் ஒரே குணம் என்றால் ஒரு அடுப்படியில் நிற்க முடிகிறதா? அந்தக் கதைதான்.

சரி, முதலில் வீட்டில் சோதித்துப் பார்ப்போம் என்று சீப்பை எடுத்துத் தலையில் பரபரவென்று சீவி, குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

கீற்றுகள் அசையவில்லை.

பிளாஸ்டிக் ஸ்கேலைப் பட்டுப்புடவையில் தேய்த்தேன். அசையவில்லை. பலூனைத் தேய்த்தேன். பலூன் உடைந்தது, கீற்று அசையவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்து, ரெண்டும் நம்மளை மாதிரி ஒத்துமையான ஜோடி போல, பிரியவே மாட்டேங்குது என்றார். அவருக்கென்ன, நாளைக்கு ராணுவத்துக்கு பதில் சொல்ல வேண்டியது அவரா?

உட்கார்ந்து யோசித்தபோதுதான் என் மண்டையிலேயே அடித்துக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தடவின தலையில் சீப்பு எங்கே உரசும்? வழுக்கிக்கொண்டு போகும். தலையை விடுங்கள்... ஜன்னல் வழியாகச் சாரல் காற்று. பாட்டில் மேல், ஸ்கேல் மேல், என் கை மேல் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படிந்திருக்கிறது. உண்டாகிற சார்ஜ் அந்த ஈரத்தின் வழியே அப்படியே இறங்கிப் போய்விடுகிறது. அதனால்தான் எங்கள் ஊரில் யாருக்கும் இந்த ஷாக் பழக்கமே இல்லை. காளீஸ்வரிக்கும் இல்லை. பழைய கடையில் முன்பக்கம் கதவே கிடையாது, சாரல் நேரே மேஜைக்கு வரும்.

அப்படியானால் கருவி கடையிலும் வேலை செய்யாதே? இதை நினைத்தபடியேதான் மறுநாள் பாட்டிலை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே!

இசக்கிமுத்தும் அம்மாவும் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கடைக்குள் போனதுமே எனக்கு உதடு காய்ந்தது. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் ஏ.சி. காற்றில் கிடக்கட்டும் என்று விட்டேன். பிறகு காளீஸ்வரியை அவளுடைய சுழல் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பூனம் என்கிற செயற்கைத் துணியில் சுடிதார் போட்டிருந்தாள். எழுந்து வந்து குண்டைத் தொடு என்றேன்.

விரல் படுவதற்கு முன்பே இரண்டு கீற்றும் விலுக்கென்று விரிந்தன.

தொட்டாள். விரிந்தது விரிந்தபடி நின்றது. அவள் பயந்துபோய் கையை இழுத்துக்கொண்டாள். எனக்குத்தான் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. இந்த வயதில் குதித்தால் முட்டி என்னாகும் என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மேஜை மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிக் காட்டினால் கீற்று விரிகிறது. நாற்காலியின் ரெக்சின் இருக்கையைத் துணியால் தேய்த்துப் பக்கத்தில் கொண்டுவந்தால் விரிகிறது. அந்தத் தரையில் நாலு எட்டு நடந்து வந்து நான் தொட்டாலும் விரிகிறது. என் வீட்டில் அத்தனை தேய்த்தும் அசையாத அதே பாட்டில்தான்.

சந்தேகம் தீர ஒரு காரியம் செய்தேன். ஈரம் உறிஞ்சுகிற அந்த மெஷினை நிறுத்தினேன். ஏ.சி.யை நிறுத்தினேன். கண்ணாடிக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனோம். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, அதே நாற்காலி, அதே சுடிதார், அதே விரல்... கீற்றுகள் ஒட்டியபடி சும்மா தொங்கின.

விஷயம் இதுதான். நனைந்த போன்களைக் காப்பாற்ற வேண்டும் என்று காளீஸ்வரி காற்றைக் காய வைத்தாள். தென்காசி முழுக்க நனைந்து கிடக்க, அவள் கடை மட்டும் லடாக் மாதிரி காய்ந்து போனது. அவள் உட்கார்ந்து எழும்போதெல்லாம் அவள் மேலேயே சார்ஜ் ஏறியது. அதோடு போய்ப் போர்டைத் தொட்டாள். நமக்குச் சுரீர் என்று உறைப்பதற்கு எவ்வளவோ குறைவான அடியே ஒரு சிப்பைக் கொல்லப் போதும். அவளுக்கும் தெரியாது, போனுக்கும் வாயில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தவள் மேஜை டிராயரைத் திறந்து, பிரிக்காத ஒரு கவரை எடுத்து வைத்தாள். மணிக்கட்டில் கட்டுகிற பட்டி. சுருள் வயரோடு, முனையில் ஒரு கிளிப். நம் மேல் ஏறுகிற சார்ஜை அப்போதைக்கப்போது பூமிக்கு இறக்கிவிடும். டூல் கிட்டோடு வந்தது, நம்ம ஊருக்கு இது எதுக்கு என்று ஏழு வருஷமாகப் பிரிக்காமலே வைத்திருக்கிறாள்.

“பழைய கடைக்கு இது தேவைப்படலக்கா. இங்கன வந்தப்பவாவது நான் யோசிச்சிருக்கணும்” என்றாள். தப்பு தன்னுடையதுதான் என்று அவள் சொன்னபோது, ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் குரல் தெளிவாக இருந்தது. ராசியில்லை என்பதை யாரால் திருத்த முடியும்? தப்பு என்றால் திருத்தலாம்.

இனி பட்டியை எர்த்தில் மாட்ட வேண்டும். எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தார். மூன்று ஓட்டை பிளக்கில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. சும்மா அழகுக்கு வைத்திருக்கிறார்கள். யார் வயரிங் செய்தது என்று கேட்டேன். அவர் டெஸ்டரைத் துடைக்க ஆரம்பித்தார். அப்புறம் கொல்லைப் பக்கம் போய், மெயின் எர்த் கம்பியிலிருந்து வயர் இழுத்து, அரை நாளில் சரி செய்து கொடுத்தார். டானிக் பற்றி நான் ஞாபகப்படுத்தவில்லை.

ரெக்சின் நாற்காலி போய் மர ஸ்டூல் வந்தது. மெஷின் பின்பக்க ஸ்டோர் ரூமுக்குப் போனது, போன்கள் அங்கே காயும். மறுநாள் அவள் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். இசக்கிமுத்தும் அம்மாவும் நானும் மறுபடி போய் உட்கார்ந்தோம். பட்டியைக் கட்டிக்கொண்டு பாட்டில் குண்டைத் தொட்டாள். கீற்று அசையவில்லை. மறுபடி மறுபடி தொட்டாள். அசையவே இல்லை.

எல்லாம் சரிதான். ஆனால் போர்டைத் திறந்து பார்த்தால்தானே நிச்சயம்? யாருடைய போனைத் திறப்பது?

என் கைப்பைக்குள் என் போன் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், நீட்டவில்லை. இத்தனை ஃபிசிக்ஸ் பேசிய கை பையின் ஜிப்போடு நின்றுவிட்டது. உள்ளே இரண்டு வருஷத்து போட்டோக்கள் இருக்கின்றனவே என்று மனசு கணக்குப் போட்டது. காளீஸ்வரி அதைக் கவனித்தாள்.

இசக்கிமுத்துவின் அம்மாதான் எழுந்து வந்தார். மேஜை மேல் தன் போனை வைத்தார். மகன் பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை மகன் குரல் வருவது அந்தப் போனில்தான். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“இவன் போனு போச்சு. இதுவும் போனா, ரெண்டு போச்சுன்னு நெனச்சுக்கிடுதேன். நீ தெறந்து பாரு தாயி.”

காளீஸ்வரி பட்டியை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டாள். போனைத் திறந்தாள். ஒரு நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு மறுபடி ஆரம்பித்தாள். போர்டை வெளியே எடுத்து, தண்ணீர் பட்டுப் பச்சை பூத்த இடத்தை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஊதிக் காய வைத்து, ஒரு பொடி உறுப்பை மாற்றினாள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். இசக்கிமுத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். நான் நகத்தைக் கடித்தேன். அம்மா மட்டும் ஆடாமல் அசையாமல் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடினாள். பட்டனை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. சார்ஜரைச் செருகி மறுபடி அழுத்தினாள்.

திரை வெளுத்தது. பிறகு முருகன் படம் வந்தது.

காளீஸ்வரி இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கைகள் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன என்று எனக்குத் தோன்றியது. நான் சத்தமில்லாமல் என் போனை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள்... எனக்கு வேண்டியதுதான்.

உரசினால் சார்ஜ் ஏறுவது இயற்கை. ஒருத்தியின் வேலை கெட்டால் அவள் ராசியைச் சந்தேகப்படுவது யாருடைய இயற்கை? நாற்காலியை யாரும் சந்தேகப்படவில்லை. தரையைச் சந்தேகப்படவில்லை. எர்த் இல்லாத பிளக்கைச் சந்தேகப்படவில்லை. கணவரின் அண்ணனுக்கும் தகவல் போயிருக்கிறது. ஆடி முடியட்டும் பார்க்கலாம் என்றாராம். பார்க்கட்டும், வருகிறவர்களுக்குத்தான் கடை திறந்திருக்கிறதே.

இசக்கிமுத்துவின் அம்மா அந்தப் போனிலிருந்து முதல் அழைப்பை அங்கேயே செய்தார். ஊரில் இருக்கும் தன் தங்கச்சிக்கு. “ஏட்டி, போனு பொழச்சிட்டு. இங்கன சுரண்டைக்காரப் பிள்ளை ஒருத்தி சரி பண்ணிட்டா. அவளுக்கு நல்ல கைராசி, பார்த்துக்கோ” என்றார்.

காளீஸ்வரி அடுத்த போனைத் திறந்தபடியே, தலை நிமிராமல், தெருவரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“ராசி இல்ல ஆச்சி... எர்த்து!”